அறுபது நாள், ஆறு மாசம், அப்பாயியோட கைநாட்டு

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் அதிகமாப் போச்சு, அதான் ரெண்டு மாசமா இந்தப் பக்கம் வர முடியல. மன்னிச்சுக்குங்க மக்களே. இது கொஞ்சம் நீளமான பதிவு. மொக்கை இல்ல, சீரியஸ் பதிவு. டீயோ காபியோ பக்கத்துல வெச்சுக்கிட்டுப் படிங்க.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். வாழப்பாடிதாங்க நம்ம ஊரு. வீட்டுக்கு வெள்ளையடிக்கணும்னு பரண்ல இருந்ததையெல்லாம் இறக்கினோம். அதுல எங்க அப்பாயியோட தகரப்பெட்டியும் இருந்துச்சு. அவங்க போய்ப் பத்து வருஷம் ஆச்சு, யாரும் அதைத் திறக்கல. திறந்தா ரெண்டு நூல் சேலை, ஒரு சுருக்குப் பை, அடியில ஒரு பிளாஸ்டிக் கவர். கவருக்குள்ள மூணு தாள். ஒண்ணு எஃப்.ஐ.ஆர். நகல். ரெண்டாவது பிரேதப் பரிசோதனை அறிக்கை. மூணாவது ஒரு முத்திரைத்தாள், கீழே மசி கலைஞ்ச ஒரு கைநாட்டு.

இனி கொசுவத்தி சுத்தறேன்.

1991 நவம்பர். தாத்தா பாக்கு உரிக்கிற வேலைய முடிச்சிட்டு ராத்திரி சைக்கிள்ல சேலம் - ஆத்தூர் ரோட்டுல வந்துட்டிருந்தாரு. பின்னாடி வந்த லாரி அடிச்சிருச்சு. ஸ்பாட்லயே போயிட்டாரு. எஃப்.ஐ.ஆர்.ல வயசு "சுமார் 42"ன்னு போட்டிருக்கு. வீட்டுல அப்பாயி, மூணு பிள்ளைங்க. மூத்தவர் எங்கப்பா, அப்ப அவருக்கு 17 வயசு.

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச மறுநாள் லாரிக்காரர் தரப்புல ரெண்டு பேர், கூட ஊர்ப் பெரியவர் ஒருத்தர் வந்திருக்காங்க. மூவாயிரம் ரூபா கொடுத்து, இனிமே எதுவும் கேட்க மாட்டோம்னு எழுதின தாள்ல கைநாட்டு வாங்கிட்டுப் போயிருக்காங்க. "கேஸ் நடக்கட்டும், தீர்ப்பு வந்தா மேற்கொண்டு பாத்துக்கலாம்"னு ஆறுதல் வேற. கேஸ் ரெண்டு வருஷத்துக்கு மேல நடந்துச்சு. பார்த்த சாட்சி இல்லைன்னு 1994 ஆரம்பத்துல டிரைவருக்கு விடுதலை ஆயிருச்சு.

"கேஸ் தோத்துப் போச்சு கண்ணு, அத்தோட விட்டுட்டோம்"னு அப்பா சொன்னாரு.

தோத்தது எந்த கேஸ்? நடக்கவே நடக்காத கேஸ் எது? இந்தக் கேள்விதான் என்னை ரெண்டு மாசம் சட்டப் புத்தகத்துல மேய விட்டுச்சு. நான் வக்கீல் இல்லைங்க, கோடு எழுதறவன். ஒரு பழைய புரோகிராமோட வெர்ஷன் ஹிஸ்டரியப் பார்க்கற மாதிரி இந்தச் சட்டத்தோட வரலாற்றைப் பார்த்தேன். எந்த வருஷம், யாரு, எந்த வரியை மாத்தினாங்கன்னு. கிடைச்சதை அப்படியே சொல்றேன்.

*

முதல்ல இங்கிலாந்துக்குப் போகணும், ஏன்னா நம்ம சட்டத்தோட வேர் அங்கதான் இருக்கு.

1808ல் ஒரு ஸ்டேஜ் கோச், அதாவது அந்தக் காலத்துப் பயணிகள் குதிரை வண்டி, கவிழ்ந்து விழுந்துச்சு. மேல உட்கார்ந்திருந்த புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் அடி. மனைவி கொஞ்ச நாள் கழிச்சு இறந்துட்டாங்க. புருஷன் வழக்குப் போட்டாரு. பேக்கர் எதிர் போல்டன்னு அதுக்குப் பேரு. நீதிபதி எலன்பரோ பிரபு என்ன சொன்னாருன்னா, மனைவி உயிரோட இருந்த நாள் வரைக்கும் உனக்கு ஏற்பட்ட நஷ்டத்தைக் கேளு, அவங்க செத்ததுக்குன்னு சிவில் கோர்ட்டுல நஷ்டஈடு கேட்க முடியாதுன்னுட்டாரு. கையை உடைச்சா காசு, ஆளையே கொன்னா ஒண்ணும் இல்ல! இந்தக் கொடுமைதான் கிட்டத்தட்ட 40 வருஷம் அங்க சட்டம்.

அப்புறம் ரயில் வந்துச்சு, விபத்தும் கூடவே வந்துச்சு. 1846ல் கேம்ப்பெல் பிரபு கொண்டு வந்த சட்டத்தாலதான் இறந்தவரோட குடும்பம் நஷ்டஈடு கேட்கலாம்னு ஆச்சு. அதையே பார்த்து எழுதி, கம்பெனி ஆட்சி 1855ல் இந்தியாவுக்கு 'மரண விபத்துகள் சட்டம்' போட்டுச்சு. மனைவி, கணவன், பெற்றோர், பிள்ளைங்க, இவங்களுக்காக வழக்குப் போடலாம். ஆனா சாதாரண சிவில் கோர்ட்டுலதான் போடணும். ஸ்டாம்பு கட்டணம், வக்கீல், வாய்தா, அப்பீல் எல்லாம் உண்டு.

அது எப்படி இருந்திருக்கும்னு தெரிஞ்சுக்க நம்ம கொங்குப் பக்கத்துலயே ஒரு கேஸ் இருக்கு. 1947 செப்டம்பர், சுதந்திரம் கிடைச்சு ஒரு மாசம். தாராபுரம் - பழனி ரூட்டுல ஓடிய கோபால்டு மோட்டார் சர்வீஸ் பஸ் விபத்துக்குள்ளாச்சு. அடிபட்ட ஒரு பயணி சில நாள்ல இறந்துட்டாரு. அவரோட அப்பா, மனைவி, பிள்ளைங்க 1855 சட்டப்படி வழக்குப் போட்டாங்க. கீழ் கோர்ட், சென்னை உயர் நீதிமன்றம், கடைசியா உச்ச நீதிமன்றம். தீர்ப்பு வந்தது 1961 ஏப்ரல்ல. பதிமூணரை வருஷம்! குடும்பம்தான் ஜெயிச்சுச்சு. சம்பாதிக்கறவர் போனா குடும்பத்துக்கு ஏற்படற இழப்பை எப்படிக் கணக்குப் பண்றதுன்னு இன்னைக்கும் சொல்லித் தர்ற தீர்ப்புகள்ல அது ஒண்ணு. ஆனா பதிமூணரை வருஷம் தாக்குப் பிடிக்க எத்தனை குடும்பத்தால முடியும்? எங்க அப்பாயியால பதிமூணு நாள் கூட முடியாது.

*

இன்னொரு பிரச்சினையும் இருந்துச்சு. கேஸ்ல ஜெயிச்சாலும் லாரிக்காரர் கையில காசு இல்லைன்னா? கடன் வாங்கி ஒத்தை லாரி வெச்சு ஓட்டறவர்கிட்ட எதை ஜப்தி பண்றது?

அதுக்குத்தான் கட்டாய இன்சூரன்ஸ். இங்கிலாந்துல 1930லேயே வந்துருச்சு. நம்ம ஊர்ல 1939 மோட்டார் வாகனச் சட்டத்துல எழுதி வெச்சாங்க, ஆனா அந்த அத்தியாயம் மட்டும் அமலுக்கு வந்தது 1946 ஜூலை 1. அன்னையிலிருந்து, தெருவுல போற மூணாவது மனுஷனை வண்டி அடிச்சா கொடுக்கறதுக்குன்னு ஒரு பாலிசி இல்லாம வண்டி ரோட்டுல இறங்கக் கூடாது. 'தேர்டு பார்ட்டி'ன்னு நாம சொல்ற அந்த மூணாவது பார்ட்டி யாரு? சைக்கிள்ல போன எங்க தாத்தாதான்.

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் இருக்கறவங்களுக்கு இது நல்லாத் தெரியும். தேர்டு பார்ட்டி பிரீமியத்தை ஏத்தும்போதெல்லாம் லாரிக்காரங்க கொதிச்சுப் போவாங்க. 2017ல் தென் மாநில லாரி ஸ்டிரைக்ல அதுவும் ஒரு முக்கியக் கோரிக்கை. அவங்க கஷ்டமும் நிஜம்தான். எங்கப்பாவும் லாரிதான் ஓட்டினாரு (அதைக் கடைசில சொல்றேன்). ஆனா அந்தப் பிரீமியம் யாருக்காகக் கட்டற காசுன்னு ரெண்டு தரப்புக்குமே சரியாத் தெரியறதில்ல.

சரி, காசு இருக்குற இடம் கிடைச்சாச்சு. கோர்ட்? 1956ல் 1939 சட்டத்தைத் திருத்தி 'மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம்' கொண்டு வந்தாங்க. சிவில் கேஸ் அளவுக்குக் கட்டணம் இல்ல, நடைமுறையும் சுருக்கம். நம்ம கோர்ட்டுகள்ல 'எம்.சி.ஓ.பி.'ன்னு சொல்றாங்களே, அது இதுதான். இழப்பீடு தராத அரசு பஸ்ஸை பஸ் ஸ்டாண்டுலயே அமீனா ஜப்தி பண்ணாருன்னு பேப்பர்ல படிப்போம் பாருங்க, அதுவும் இந்தத் தீர்ப்பாயத்தோட உத்தரவை நிறைவேத்தத்தான்.

ஆனா ஒரு கையால கொடுத்துட்டு இன்னொரு கையால ஒண்ணை எடுத்துக்கிட்டாங்க. நேரம். விபத்து நடந்த 60 நாளுக்குள்ள மனு போட்டுறணும்னு அந்த 1956 திருத்தத்துல இருந்துச்சு. சரியான காரணம் காட்டினா தாமதத்தை மன்னிக்கலாம்னு ஒரு சலுகை உண்டு. 60 நாள்ங்கறது என்னங்க? காரியம் முடிஞ்சு, வந்தவங்க போயி, வீட்டுல அடுத்த வேளைக்கு அரிசி இருக்கான்னு பார்க்கற நேரம். 1969 திருத்தத்துல அதை ஆறு மாசமா ஆக்கினாங்க.

*

இப்ப தாத்தாவோட கேஸுக்கு நேரடியாச் சம்பந்தப்பட்ட மூணு விஷயம்.

ஒண்ணு. டிரைவருக்குக் கிரிமினல் கோர்ட்டுல விடுதலை ஆயிட்டா இழப்பீடு கிடையாதா? அப்படி இல்லைன்னு 1980லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு. அதுவும் தமிழ்நாட்டு கேஸ்லதான். என்.கே.வி. பிரதர்ஸ் பஸ் ஒண்ணு ராத்திரியில, தாழ்வாத் தொங்கின உயர் அழுத்த மின்கம்பியில பட்டு, எட்டுப் பேர் அங்கேயே செத்துட்டாங்க. கிரிமினல் கேஸ்ல டிரைவர் விடுதலை. அதைக் காட்டி இழப்பீட்டையும் தவிர்க்கப் பார்த்தாங்க. நீதிபதி கிருஷ்ணய்யர் ஒத்துக்கல. ஒருத்தரை ஜெயிலுக்கு அனுப்பத் தேவையான நிரூபணம் வேற, ஒரு குடும்பத்துக்கு இழப்பீடு தரத் தேவையான நிரூபணம் வேற. ரெண்டும் ரெண்டு தண்டவாளம். ஒண்ணுல வண்டி நின்னா இன்னொண்ணுலயும் நிக்கணும்னு இல்ல.

அப்ப 'தீர்ப்பு வரட்டும், பார்க்கலாம்'னு எங்க வீட்டுல காத்திருந்தது எதுக்கு? எதுக்குமே இல்லீங்க.

ரெண்டு. தப்பு யார் மேலன்னு நிரூபிக்க முடியலைன்னா? 1977ல் மினு மேத்தா வழக்குல, டிரைவரோட கவனக்குறைவை நிரூபிச்சே ஆகணும்னு உச்ச நீதிமன்றம் சொல்லிருச்சு. சட்டம் அப்படித்தான் இருந்துச்சு. அதுக்குப் பிறகு 1982ல் நாடாளுமன்றம் ஒரு புதுப் பிரிவைச் சேர்த்துச்சு. யார் மேல தப்பிருந்தாலும் சரி, மரணத்துக்கு 15,000, நிரந்தர ஊனத்துக்கு 7,500 கொடுத்துறணும். 1988ல் முழுசாப் புதுச் சட்டம் எழுதினப்ப இது 25,000, 12,000 ஆச்சு. அந்தப் புதுச் சட்டம் 1989 ஜூலை 1 முதல் அமல். தாத்தா இறந்தது 1991ல்.

அதாவது, சாட்சி வேண்டாம், தப்பு யாருதுன்னு கேள்வி வேண்டாம், 25,000 ரூபா சட்டப்படி அப்பாயிக்குச் சேர வேண்டியது. அதுவும் ஆரம்பத் தொகைதான், மீதியைத் தனியாக் கேட்கலாம். கைநாட்டு வெச்சு வாங்கினது 3,000.

மூணு. அந்த மீதி எவ்வளவு இருந்திருக்கும்? நம்ம புத்தி கணக்குலதானே போகும் :-) இன்னைக்கு இருக்குற முறையை (2009ல் சர்லா வர்மா, 2017ல் பிரணய் சேத்தி தீர்ப்புகள் வகுத்தது) வெச்சுப் போட்டுப் பார்த்தேன். தாத்தாவுக்கு மாசம் 900 ரூபா வருமானம்னு வெச்சுக்குவோம். வருஷத்துக்கு 10,800. நாற்பதுக்கு மேல ஐம்பதுக்குள்ள வயசு, சொந்த உழைப்புன்னா எதிர்கால வருமான உயர்வுக்கு 25 சதவீதம் சேர்க்கணும், 13,500. நம்பியிருந்தவங்க நாலு பேருன்னா அவரோட சொந்தச் செலவுக்குக் கால்வாசி கழிக்கணும், 10,125. 42 வயசுக்குப் பெருக்கல் எண் 14. மொத்தம் 1,41,750. ஈமச்சடங்கு, துணையை இழந்ததுக்கான தொகை எல்லாம் இது போக. 1991ல் கோர்ட்டுகள் போட்ட கணக்கு இதேதான்னு சொல்ல வரல. ஒரு உழைப்பாளியோட உயிருக்குச் சட்டம் போடற கணக்கும், திண்ணையில உட்கார்ந்து போடற கணக்கும் எவ்வளவு தூரம்னு காட்டத்தான்.

*

இப்ப அந்தக் கடிகாரத்துக்கு வருவோம். எல்லாத்தையும் விட என்னைக் குத்தினது அதுதான்.

1988 சட்டத்துலயும் ஆறு மாசக் கெடு இருந்துச்சு. தாமதத்தை மன்னிக்கலாம், ஆனா எக்காரணம் கொண்டும் 12 மாசத்தைத் தாண்டக் கூடாதுன்னு பூட்டும் போட்டுட்டாங்க. தாத்தாவுக்கு அந்தப் பூட்டு விழுந்தது 1992 நவம்பர்ல. கிரிமினல் கேஸ் தீர்ப்பு 1994ல். ஆக, 'தீர்ப்பு வரட்டும்'னு சொன்னவர் தெரிஞ்சு சொன்னாரோ தெரியாமச் சொன்னாரோ, அந்த ஒரு வார்த்தையிலேயே முடிஞ்சு போச்சு.

முடிஞ்சு போச்சுன்னுதான் நானும் நினைச்சேன். அடுத்த வெர்ஷனைப் பார்க்கற வரைக்கும்.

1994 நவம்பர் 14 முதல் ஒரு பெரிய திருத்தம் அமலுக்கு வந்துச்சு. அந்தக் காலக்கெடு உட்பிரிவையே தூக்கிட்டாங்க. தப்பு யாருதுன்னு பார்க்காமத் தர்ற தொகை 50,000, 25,000 ஆச்சு. விபத்து நடந்த இடத்துலதான் மனு போடணும்ங்கறதை மாத்தி, பாதிக்கப்பட்டவங்க குடியிருக்குற ஊர்த் தீர்ப்பாயத்துலயே போடலாம்னு ஆக்கினாங்க. நம்ம பெல்ட்டுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிங்க. நாமக்கல் வண்டி ஓடாத மாநிலம் உண்டா? மகாராஷ்டிராவுல எதிர வந்த லாரி மோதிச் செத்துப் போன டிரைவரோட சம்சாரம், பாஷை தெரியாத ஊர்ல போயி வக்கீல் தேட வேண்டியதில்ல. சேலத்துலயோ ஆத்தூர்லயோ போட்டுக்கலாம்.

1996ல் தன்னாலால் வழக்குல உச்ச நீதிமன்றம் இன்னொண்ணும் சொல்லுச்சு. கெடுவைத் தூக்கின பிறகு, விபத்து எந்தத் தேதியில நடந்ததுன்னு பார்க்காமத் தீர்ப்பாயம் மனுவை எடுத்துக்கணும்னு.

அப்படீன்னா 1991 விபத்துக்கு 1996ல் கூட மனு போட்டிருக்கலாம். கதவு மறுபடி திறந்துதான் இருந்துச்சு. எங்க வீட்டுல யாருக்கும் தெரியல. எஃப்.ஐ.ஆர்., பிரேதப் பரிசோதனை அறிக்கை, லாரி நம்பர் எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளேயே பத்திரமா இருந்துச்சு. எழுதப் படிக்கத் தெரியாத அப்பாயி எதுக்காக அதை அவ்வளவு பத்திரமா வெச்சிருந்தாங்க? என்னைக்காவது யாராவது கேட்பாங்கன்னு நினைச்சிருப்பாங்க போல. கேட்க நான் வந்தப்ப அவங்க இல்ல.

*

இதோட பதிவு முடிஞ்சிருந்தா வெறும் சோகக் கதை. இன்னொரு வெர்ஷன் இருக்கு மக்களே.

2019 திருத்தச் சட்டத்துல அந்த ஆறு மாசக் கெடுவைத் திரும்பக் கொண்டு வந்துட்டாங்க. 2022 ஏப்ரல் 1 முதல் அமல். இந்தத் தடவை, தாமதத்தை மன்னிக்கலாம்ங்கற சலுகை வரி கூட இல்ல. இன்சூரன்ஸ் தரப்புல ஒரு நியாயம் இருக்கு. பல வருஷம் கழிச்சு வர்ற மனுவைச் சரிபார்க்கவும் முடியாது, போலி கேஸும் நடக்குது. ஒத்துக்கறேன். ஆனா 1956ல் அறுபது நாளாத் தொடங்கி, ஆறு மாசமாகி, கெடுவே வேண்டாம்னு வந்து சேர 38 வருஷம் ஆச்சு. வந்த வழியிலேயே திரும்பிப் போறோம். இதை எதிர்த்து வழக்குகள் போயி, 2025 நவம்பர்ல உச்ச நீதிமன்றம், காலம் கடந்துருச்சுன்னு மட்டும் காரணம் காட்டி மனுக்களைத் தள்ளுபடி பண்ணாதீங்கன்னு ஓர் இடைக்கால உத்தரவு போட்டுச்சு. இடைக்கால உத்தரவுதான். அதை நம்பி யாரும் சும்மா உட்கார்ந்துற வேண்டாம்.

நல்ல மாற்றங்களும் உண்டு, அதையும் சொல்லணும். தப்பு யாருதுன்னு கேட்காமத் தர்ற தொகை இப்ப மரணத்துக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம். அடிச்சிட்டு நிக்காமப் போன வண்டின்னா அரசுத் திட்டத்துல 2 லட்சம், 50,000. போலீஸ் 48 மணி நேரத்துக்குள்ள முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பணும்னு 2022 விதி சொல்லுது. 2025 மே முதல், விபத்துல அடிபட்டவருக்கு ஏழு நாள் வரைக்கும் ஒன்றரை லட்சம் ரூபாய்க்குப் பணமில்லாச் சிகிச்சைத் திட்டமும் இருக்கு.

தாள்ல எல்லாம் இருக்குங்க. 1991லயும் தாள்ல இருந்துச்சு.

இதை ஏன் இப்ப எழுதறேன்னா, தீபாவளிக்குப் போனப்பவே இன்னொரு விஷயம் கேள்விப்பட்டேன். எங்க தெருவுக்குப் பின்னாடி தெருப் பையன், பைக்ல போகும்போது லாரி மோதி இறந்துட்டான். அவங்க வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் அம்மா கிட்ட "மனு போட்டாச்சுங்களா அக்கா?"ன்னு கேட்டேன். "கேஸ் நடக்குது தம்பி, தீர்ப்பு வரட்டும்னு சொல்றாங்க"ன்னாங்க.

34 வருஷம் கழிச்சும் அதே வார்த்தை. அப்ப விபத்து நடந்து நாலு மாசம் முடிஞ்சு அஞ்சாவது மாசம். மறுநாளே அப்பாதான் அவங்களை ஆத்தூருக்கு ஒரு வக்கீல்கிட்டக் கூட்டிட்டுப் போனாரு. மனு போட்டாச்சு. என்ன ஆகும்னு தெரியாது, ஆனா கடிகாரம் அவங்களைத் தோக்கடிக்கல.

அப்பாவைப் பத்திச் சொல்றேன்னு சொன்னேன்ல. தாத்தா போன பிறகு பிளஸ் டூவைப் பாதியில விட்டுட்டு அவர் போன முதல் வேலை, லாரியில கிளீனர். அப்புறம் டிரைவர். 22 வருஷம் ஓட்டினாரு. நான் இன்ஜினியரிங் படிச்ச பீஸ், இப்ப உட்கார்ந்து கோடு எழுதற இந்த வாழ்க்கை எல்லாம் லாரி போட்ட சோறுதான். அதனால லாரிக்காரங்க மேல கோபம் இல்ல. ரோட்டுல அடிபடறவனும் நம்மாளு, ஓட்டறவனும் நம்மாளு. அந்த மூவாயிரம் ரூபா முத்திரைத்தாளைக் கிழிச்சுப் போட்டுறலாமான்னு அப்பாகிட்டக் கேட்டேன். "வேண்டாம் கண்ணு, இருக்கட்டும்"னு வாங்கி மறுபடி பெட்டியிலேயே வெச்சுட்டாரு.

டிஸ்கி: நான் வக்கீல் இல்ல. உங்க கேஸுக்கு ஒரு வக்கீலைப் பாருங்க. வசதி இல்லைன்னா தாலுகா அளவுலயே இலவசச் சட்ட உதவி மையம் இருக்கு. ஆனா எதைச் செஞ்சாலும் ஆறு மாசத்துக்குள்ள செய்யுங்க. சட்டம் படிச்சவங்க யாராவது இதைப் படிச்சா, தப்பு இருந்தாப் பின்னூட்டத்துல சொல்லுங்க, திருத்திக்கறேன்.